சிவலிங்கத்தின் கெப்புக்கு ஒரு சைலன்சர்

தொழிற்பயிற்சி நிலையத்தில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் என்னைத் தங்கள் வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டுக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அக்கா, டீசல் கெப்புக்கு வெளியில வாங்குற சைலன்சர்ல எது நல்லம்?" கூடவே சில படங்கள் வரும். எல்லாமே பளபளவென்று மின்னும்.

நான் பதிலுக்கு மூன்று கேள்வி அனுப்புவேன். வண்டி எந்தப் பாதையில் ஓடுகிறது? என்ன பாரம் ஏற்றுகிறது? பின்னால் யார் உட்காருகிறார்கள்? முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரும். மூன்றாவதுக்குச் சிரிப்புப் படம் வரும். போன வாரம் ஒரு பிள்ளை, "நாங்க சைலன்சர் கேட்டா நீங்க பஸ் கண்டக்டர் மாதிரி ஆள் எண்ணுறீங்களே அக்கா" என்று எழுதியிருந்தாள். குரல் பதிவில் சொன்னால் நீண்டுவிடும் என்பதால் அவளுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். பிக்கப் வண்டியைத்தான் எங்கள் பக்கத்தில் கெப் என்கிறோம். எஞ்சினிலிருந்து புகை வெளியே போகும் வழி முழுவதையும், குழாய், உருளை, வால் எல்லாவற்றையும் சேர்த்து, சைலன்சர் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அங்கேதான் பிழை தொடங்குகிறது. பெயரிலேயே சத்தம் இருப்பதால், வாங்குகிறவர் சத்தத்தை மட்டும் கேட்டு வாங்குகிறார். புகையை யாரும் கேட்பதில்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். சாதாரண தரப் பரீட்சை முடித்த கையோடு பயிற்சி நிலையம். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். சான்றிதழோடு வெளியே வந்ததும் ஊர் எல்லையில் இருந்த நவ்பர் நானாவின் கராஜில் சேர்ந்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் நானா என்போம். சேர்ந்த காலத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் கழுவும் வேலையும் துருப்பிடித்த ஆணி அறுக்கும் வேலையும்தான். அதன் பிறகு கராஜில் சைலன்சர் வேலை என்றாலே இந்தச் சுகந்தி என்றானது. இப்போது இடது தோளில் சத்திரசிகிச்சை. "இனி வண்டிக்கு அடியில படுத்துக் கைய மேல தூக்குற வேல வேணாம்" என்று இரத்தினபுரி ஆஸ்பத்திரி டொக்டர் சொல்லிவிட்டார். ஆகவே உதிரிப்பாகக் கடை ஒன்றின் மேசைக்கு வந்துவிட்டேன். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவள் என்றால் சிரிக்கிறார்கள். வண்டிக்கு அடியில் ஒரு முழு உத்தியோகத்தை முடித்தவள் என்றுதான் நான் நினைக்கிறேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. மறைக்கப்போவதில்லை.

நானாவைச் சொல்லாமல் கராஜைச் சொல்ல முடியாது. ஒல்லியான ஆள். தலையில் வெள்ளைத் தொப்பி, இடுப்பில் எண்ணெய் படாத சாரம். எண்ணெய் படாதது எப்படி என்று எங்களுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. வண்டி வந்தால் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று நடப்பார். பிறகு எஞ்சின் ஆறும்வரை காத்திருக்க வைப்பார். சூட்டோடு வந்த வண்டியில் சைலன்சர் பார்க்கக்கூடாது என்பது அவர் சட்டம். இரும்பு சூட்டில் விரிந்து ஓட்டைகளை மூடிக்கொள்ளும். ஆறினால்தான் வாயைத் திறக்கும். ஆறியதும் நான் அடியில் போய் ஒவ்வொரு மூட்டிலும் விரலை ஓட்டுவேன். கசிகிற மூட்டைச் சுற்றிக் கோழியிறகு மாதிரி ஒரு கருப்புத் தடம் படிந்திருக்கும். அடுத்து, குழாய் தொங்கும் றப்பர் வளையங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசியில் எஞ்சினைக் கிளப்பி, ஈரத்துணியால் வால் வாயைக் கொஞ்ச நேரம் அடைத்துப் பிடிக்க வேண்டும். எஞ்சின் திணறினால் வழி சுத்தம். திணறாமல் எங்கேயோ 'ஸ்ஸ்' என்று சீறினால் அங்கே ஓட்டை.

பாராட்டு என்பது நானாவின் வாயில் வராது. வேலை சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த வண்டிக்குப் போவார். அந்த மௌனத்தைச் சம்பளத்தோடு சேர்த்து எண்ணப் பழகிக்கொண்டோம். இன்னொரு சட்டமும் இருந்தது. வண்டிக்காரர் முன்னால் கராஜ் ஆள் வாய் திறந்து மறுத்துப் பேசக்கூடாது. நானா பிழையான சாமானைத் தெரிவு செய்கிறார் என்று தெரிந்தாலும் கூடாது. அதற்கு ஒரு வழி வைத்திருந்தோம். "நானா, தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்க வேண்டும். அவர் எழுந்து பின்பக்கம் வருவார். அங்கே சொல்லலாம், சண்டையும் பிடிக்கலாம். நான் சேர்ந்த பிறகு இந்தக் கேள்வி அதிகமாகிவிட்டது. ஒருநாள் அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இண்டைக்கு என்ட வயித்துல தேத்தண்ணிக் குளமே ஈக்கி மகள். இனி நாளைக்குக் கேளு" என்றார்.

இரத்தினபுரியிலிருந்து ஒரு மாணிக்கக்கல் வியாபாரி பின்சீட்டும் உள்ள புத்தம்புதிய டபுள் கெப்போடு வந்தார். உருளையைக் கழற்றி எறிந்துவிட்டு நேர்க்குழாய் போட வேண்டுமாம்.

"நான் வாறது சந்தியிலேயே கேக்கணும் நானா."

"சரி, போடுறன். ஆனா போட்டு முடிஞ்சதும் வண்டிய நான்தான் ஓட்டுவன். நீங்க பின் சீட்டு."

வியாபாரி சிரித்துக்கொண்டே சம்மதித்தார். குழாய் போட்டோம். நானா அவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு பெல்மதுளைப் பக்கம் மெதுவாக, ஒரே வேகத்தில் ஓட்டிப்போனார். வெளியே நிற்பவருக்கு அந்தச் சத்தம் கம்பீரம். பின்சீட்டில் இருப்பவருக்கு மண்டைக்குள் வண்டு. திரும்பி வந்ததும் வியாபாரி இறங்கி, காதைத் தேய்த்துக்கொண்டு, "அம்மாவ கோயிலுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி நானா... பழசையே மாட்டிருங்க" என்றார். நானா அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

இனி நான் சொல்ல வந்த வேலை.

சிவலிங்கம் அண்ணனை அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தில் வேலை குறைந்த பிறகு, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களைத் தன் பழைய டீசல் கெப்பின் பின்பகுதியில் ஏற்றி, மலைக்கு மேலே உள்ள சிறு தேயிலைக் காணிகளுக்குக் கொழுந்து எடுக்கக் கொண்டுபோவார். மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவார். எங்கள் பக்கத்து மழை தெரிந்ததுதானே. பின்பகுதிக்குக் கம்பிக் கூடு வைத்து, தறப்பாளை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருப்பார்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்து இறங்கும்போதே வண்டி கனைத்துக்கொண்டு வந்தது. உருளை வயிற்றில் ஓட்டை. பின்னால் ஒரு பெட்டி. திறந்து காட்டினார். இணையத்தில் வாங்கிய துருப்பிடிக்காத சைலன்சர், கண்ணாடி மாதிரி. குட்டையானது. பின் சக்கரத்துக்கு முன்னாலேயே இடதுபக்கமாக வெளியே திரும்பி முடிகிறது.

"இதான் நம்ம பாதைக்குச் சரி நானா. நீட்டு வால் வச்சா, தண்ணிக்குள்ள எறங்கிப் போற சப்பாத்துப் பாலத்துப் பாறையில அடிபட்டு முறிஞ்சிருது. போன மழைக்கே முறிஞ்சி, வேறொரு எடத்துல வெட்டிப் பக்கவாட்டுல விட்டாங்க. அதுல இருந்து முறியவே இல்ல."

நானா தலையாட்டினார். நான் வண்டியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். சிவலிங்கம் அண்ணன் பேச்சை நிறுத்தவில்லை.

"ஏத்தத்துல இழுக்கவும் மாட்டேங்குது. இதுல பின்னால ஒரு கரைச்சல் வேற. தவமணின்னு ஒரு புள்ள, அம்மாவுக்கு முழங்கால் முடியாம அவ எடத்துக்கு வந்தவ. தெனமும் வாந்தி. அவ எடுக்குறதப் பாத்து மத்ததுகளுக்கும் தலசுத்து. கலியாணம் கட்டாத புள்ள..." குரலைத் தாழ்த்தினார். "லயத்துல கண்டபடி கதைக்கிறாங்க. நமக்கெதுக்கு வம்பு? திங்கக்கெழமையில இருந்து வேற ஆள் பாத்துட்டேன்."

நான் நின்றுவிட்டேன். பின்பகுதியில் இடது சக்கரத்துக்கு மேலே தகரம் மேடாக எழும்பி இருக்கும் அல்லவா, அதன் ஓரம் துருவேறி விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதற்கு நேர் கீழே, வெட்டி விட்ட குழாயின் வாய். அதற்கு நேர் மேலே, தறப்பாளின் உட்புறத்தில், ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில், விளக்குக் கரி மாதிரி ஒரு வட்டம்.

"அண்ணே, இந்த மேட்டு மேல யார் உட்காருறது?"

"கடைசியா சேர்ந்தவங்க. பழைய ஆளுங்க முன்னால கெபினோட சாஞ்சி உக்காருவாங்க. மேட்டுல குலுங்கும், அதால புதுசா வந்தவங்களுக்குத்தான்."

"தவமணி எப்ப சேர்ந்தா?"

"அந்த மழைக்குப் பொறவுதான்."

நான் நானாவைப் பார்த்தேன். "நானா, தேத்தண்ணி ஊத்தவா?"

அவர் எழுந்தார். சிவலிங்கம் அண்ணன், "எனக்கில்லியா?" என்றார். "இது வேற தேத்தண்ணி" என்று சொல்லிவிட்டு நானா பின்பக்கம் வந்தார்.

பார்த்ததைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

"நீ செல்றது சரியா ஈக்கும். ஆனா அவர் காசு குடுத்து சாமான் வாங்கிட்டு வந்தீக்கார். கரியக் காட்டினா, டீசல்னா கரிதானேன்னு செல்வார். வாந்திய எப்பிடிக் காட்டுவாய்?"

"திங்கட்கிழமை நானும் அந்த வண்டியில போறன். அதுவரைக்கும் புதுசை மாட்ட வேணாம்."

"அந்தப் புள்ளய ஏத்தமாட்டாராமே?"

"ஒரு நாளைக்கு ஏத்தச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பார்."

நானா வெளியே போய்ச் சொன்னார். சிவலிங்கம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. சாமானைப் பூட்டாமல் திருப்பி அனுப்பும் கராஜை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஆனாலும் ஒரு நாள் என்று ஒத்துக்கொண்டார்.

இரண்டு இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. என் கணிப்பு பிழையாகிப்போனால், அந்தப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை வாந்தி எடுக்க வைத்தவள் நான்தான். வேலை போவது ஒரு பக்கம். லயத்தில் ஒரு பெண்ணின் மேல் ஒட்டிய பேச்சைக் கழுவ எந்தக் கராஜிலும் எண்ணெய் கிடையாது.

திங்கள் காலை தூறிக்கொண்டிருந்தது. லயத்தடியில் பெண்கள் கொழுந்துப் பையும் தலைத்துணியுமாக நின்றார்கள். எல்லோருக்கும் மூத்தவர் ராக்கம்மா அக்கா. அறுபதைத் தொட்டவர், நாக்கு மட்டும் இருபது. என்னைக் கண்டதும் தொடங்கினார்.

"ஏன் புள்ள, கராஜ்ல கஞ்சி ஊத்தலயா? கொழுந்துக்கு வந்துட்ட?"

"வண்டிய பாக்க வந்தேங்கக்கா."

"வண்டிய அடியில படுத்துத்தானே பாப்ப? இன்னைக்கு மேல ஏறிப் பாக்குறியாக்கும்."

லயத்தின் கடைசிக் கதவடியில் ஒரு பெண் நின்றிருந்தாள். பையும் இல்லை, தலைத்துணியும் இல்லை. தவமணி. வரச் சொன்னார்களா, வர வேண்டாம் என்றார்களா என்று அவளுக்கே தெரியாத நிலை. போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அவள் வண்டியில் கால் வைக்கும்போது யாரோ, "பாத்து ஏறுடி, ரெண்டு உசுரு" என்றாள். சில பேர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தவமணி நிமிரவில்லை. பழக்கப்படி நேராக அந்த மேட்டுக்குப் போனாள்.

"தவமணி, நீ இன்னைக்கு முன்னால கெபினோட சாஞ்சி உட்காரு" என்றேன்.

"அது என் எடம்!" ராக்கம்மா அக்கா.

"தெரியுங்கக்கா. இன்னைக்கு ஒரு நாளைக்கு நீங்க இந்த மேட்டுல உட்காருங்க. இதுல உட்கார்ந்தா யாருக்கும் தல சுத்தும்னு நான் சொல்றேன்."

"எனக்கா? இந்த மலைய நான் நாப்பது வருசமா ஏறுறேன். எம் புருசன் குடிச்சிட்டு ஓட்டுன லொறியில கூட எனக்குத் தல சுத்துனதில்ல."

"அப்ப உட்கார்ந்து காட்டுங்களேன்."

வண்டியில் ஒரு 'ஓ' எழுந்தது. ராக்கம்மா அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டில் போய் அமர்ந்தார். நானும் அவர் பக்கத்திலேயே நெருக்கி உட்கார்ந்தேன். தறப்பாளை இறுக்கிக் கட்டினார்கள். வண்டி புறப்பட்டது.

சமதரையில் ஒன்றும் இல்லை. ராக்கம்மா அக்கா கல்யாணம், கருமாதி, மகனின் கொழும்பு வேலை எல்லாம் பேசிக்கொண்டு வந்தார். சப்பாத்துப் பாலத்தில் வண்டி தண்ணீருக்குள் இறங்கி ஏறியது. அதற்குப் பிறகு ஏற்றம். சிவலிங்கம் அண்ணன் முதல் கியரைப் போட்டு மிதித்தார். அப்போதுதான் தெரிந்தது. காலடியிலிருந்து சூடாக, எண்ணெய் கருகிய வாசனையோடு, மூச்சு மாதிரி ஒன்று மேலே வந்தது. மழைக்குக் கட்டிய தறப்பாள் அதை வெளியே விடவில்லை. எனக்குக் கண் எரிந்தது. பொட்டுக்குப் பக்கத்தில் நரம்பு துடித்தது. வளைவு ஒன்று, இரண்டு. ராக்கம்மா அக்கா மகனைப் பற்றிய பேச்சைப் பாதியில் நிறுத்தினார். அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தி யாரும் கண்டதில்லை. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்தார். அடுத்த வளைவில் கம்பிக்கூட்டைப் படபடவென்று அடித்தார்.

"நிப்பாட்டு! டேய் சிவலிங்கம், நிப்பாட்டுடா!"

வண்டி நின்றது. தறப்பாளை விலக்கி, பின்கதவுக்கு வெளியே தலையை நீட்டி, காலையில் குடித்த தேநீரையெல்லாம் மலைக்குக் கொடுத்தார்.

பிறகு உள்ளேயிருந்து லெட்சுமி என்கிற நடுவயதுக்காரி மிகவும் அக்கறையான குரலில் கேட்டாள்.

"ராக்கம்மாக்கா, உங்களுக்கு எத்தனாவது மாசங்க?"

வண்டி குலுங்கிப்போனது. ஒருத்தி சிரித்துச் சிரித்து இன்னொருத்தியின் மடியில் விழுந்தாள். ராக்கம்மா அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தவமணியைப் பார்த்தார். தவமணி கெபினில் சாய்ந்து, முகம் தெளிவாக உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"அடியே, தெனமும் இப்படியாடி இருந்துச்சு? வாயத் தொறந்து சொல்லப்படாதா?"

"சொன்னேனே" என்றாள் தவமணி. "பொக வருதுன்னு சொன்னேன். நீங்கதான் வேற பேரு வச்சீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. ராக்கம்மா அக்கா வண்டி முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்க, "பொகைக்குக் கன்னி தெரியுமா கெழவி தெரியுமா? இனி எவளாவது இந்தப் புள்ளயப் பத்தி வாயத் தொறக்கட்டும், அவளத் தூக்கி இந்த மேட்டுல வைக்கிறேன்" என்றார். அன்று மாலையே இதை லயத்தின் இரண்டு கோடிக்கும் கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார் என்று பிறகு அறிந்தேன்.

சிவலிங்கம் அண்ணன் பின்னால் வந்து நின்றார். தறப்பாளின் உட்புறத்தில் விரலைத் தேய்த்து அவரிடம் நீட்டினேன். கரி.

"நான் முன்னாலதானே உக்காருறேன்..." என்றார். "எனக்கென்னா தெரியும்?"

"அதான் அண்ணே" என்றேன்.

அன்று பின்னேரம் அவர் வேலை முடிந்த பெண்களோடு நேராகக் கராஜுக்கே வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். இந்த முறை எல்லோரும் தறப்பாளைச் சுருட்டிவிட்டு வந்திருந்தார்கள். நானா நடந்ததைக் கேட்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை, தாடி மறைத்துவிட்டது. பிறகு, சிவலிங்கம் அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதே, அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்னத்த மாட்டுற? நீ செல்லு."

வண்டிக்காரர் முன்னால் நானா ஒரு வேலையாளிடம் கேட்ட முதல் கேள்வி அது. எனக்கு வேறு பாராட்டு எதுவும் தேவைப்படவில்லை.

நான் யோசித்து வைத்ததைச் சொன்னேன். பிள்ளைகளே, தெரிவு செய்வது என்றால் பெரும்பாலும் தள்ளிவிடுவதுதான். ஆகவே தள்ளியவற்றை முதலில் சொல்கிறேன்.

பெட்டியில் இருந்த பளபளப்புச் சாமான்: நல்ல இரும்பு, நல்ல வெல்டிங். ஆனால் வாய் அதே இடத்தில் முடிகிறது. துரு மட்டும்தான் பிடிக்காது, வாந்தி பிடிக்கும்.

வண்டியோடு வரும் கம்பெனி மாதிரிச் சாமான்: புகையைப் பின்னால் கொண்டுபோய் விடும். வால் தாழ்வு. முதல் மழைக்கே பாறை அதை எடுத்துவிடும், பிறகு யாராவது வெட்டிவிடுவார்கள்.

உழவு இயந்திரத்துக்கு இருப்பதுபோல் கெபினுக்குப் பின்னால் மேலே நிமிர்த்திவிடுவது: இது சிவலிங்கம் அண்ணனின் யோசனை. புகைக்கு நல்லது. ஆனால் பெண்கள் இடது பக்கத்தால் ஏறும்போது கெபின் மூலைக் கம்பியைத்தான் பிடித்து ஏறுகிறார்கள். அன்று காலை நான் அதைப் பார்த்திருந்தேன். அங்கே சுடு குழாய் வைத்தால் ஒருநாள் ஒரு உள்ளங்கை போகும்.

மிஞ்சியது ஒன்றுதான், பாகம் பாகமாக வாங்கிச் சேர்ப்பது. தட்டையான முட்டை வடிவ உருளை, உள்ளே நேர் வழி உள்ளது. எஞ்சினில் டர்போ இருப்பதால் புகைக்குத் தடை குறைந்தால் ஏற்றத்தில் இழுக்கும். தட்டையாக இருப்பதால் அடிச்சட்டத்தின் உள்பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், பாறைக்குத் தெரியாது. குழாய் பழையதைவிடக் கொஞ்சம் அகலம், நிறைய அல்ல. அது பின் அச்சுக்கு மேலே ஏறி இறங்கி, வண்டியின் பின் விளிம்பைத் தாண்டி, வலது பக்கமாக, ஆட்கள் ஏறாத பக்கமாக வெளியே பார்க்க வேண்டும். கடைசித் துண்டு மட்டும் இரண்டு போல்ட்டில் தனியாக. எப்போதாவது பாறை பிடித்தால் அது மட்டும் வளையும்; கழற்றி நிமிர்த்திப் பூட்டலாம், வெட்டத் தேவையில்லை.

"அச்சுக்கு மேல போனா பாரத்துல இடிக்கும்" என்றார் நானா. சரியான சந்தேகம். வண்டியை உயர்த்தி வைத்து, சக்கரம் தொங்கும்போது அளந்தால் கிடைப்பது பொய் அளவு. ஆட்கள் ஏறினால் அச்சு மேலே வந்து குழாயில் முட்டும்.

"பாரம் மேலயே இருக்கே நானா" என்றேன்.

பெண்கள் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் அடியில் போய்ப் படுத்தேன். அச்சுக்கும் தளத்துக்கும் நடுவே இடத்தை அளந்தேன். "இப்ப எல்லாரும் ஒருதரம் குதிங்க!" என்று சத்தம் போட்டேன். மேலே ஒரே கும்மாளம். தலைக்கு மேல் தகரம் இடிந்துவிடும் போல் இருந்தது. "இன்னொருக்கா குதிக்கவா புள்ள?" என்று ராக்கம்மா அக்கா கேட்டார். காலையில் வாந்தி எடுத்தவர் அவர்தான். இன்னொருக்கா குதிக்கச் சொன்னேன். இரண்டு தரமும் அளவு ஒன்றாகவே வந்தது. அந்த அளவில் விரல் அகலம் கூட்டி விட்டு வளைவைக் கீறிக் கொடுத்தேன். நானா கண்ணளவில் வளைப்பவர். அன்று கீறலைத் தரையில் விரித்துவைத்து, அதன் மேல் குழாயை வைத்து வைத்துப் பார்த்து வளைத்தார்.

ஓட்டையைத் தகரம் வைத்து வெல்ட் பண்ணினேன். தறப்பாளிலும் கொஞ்சம் கைவைத்தோம். முன்புறம் கெபின் கூரைக்கு மேலே ஒரு மடிப்பு வெட்டி, காற்று உள்ளே வர வழிவிட்டோம். பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால் ஓடும் வண்டி தன் புகையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். முன்னால் காற்று நுழைந்தால் அது புகையை வெளியே தள்ளும். இது எந்தச் சைலன்சர் பெட்டியிலும் எழுதியிருக்காது. பளபளப்புச் சாமானை சிவலிங்கம் அண்ணன் வாங்கிய இடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பூட்டி முடித்த மறுநாள் நல்ல மழை. மறுபடி அவர்களோடு போனேன். இந்த முறை அந்த மேட்டில் நானே தனியாக உட்கார்ந்தேன். தறப்பாள் இறுக்கிக் கட்டியிருந்தது. சப்பாத்துப் பாலம் தாண்டி, முதல் கியர் ஏற்றம், எல்லா வளைவும். ஈர மண்ணும் கொழுந்துப் பையும் வாசனை அடித்தன, அவ்வளவுதான். வண்டி ஏற்றத்தில் திணறாமல் ஏறியது. மேலே போய் இறங்கியதும் தவமணி என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் வைத்திருந்தாள். பையை மாட்டிக்கொண்டு தேயிலை நிரைக்குள் போய்விட்டாள்.

நானா அன்று வண்டியைச் சுற்றிக் கைகளைப் பின்னால் கட்டி நடந்தார். குனிந்து வாலைப் பார்த்தார். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான வண்டிகளுக்கு அடியில் படுத்திருக்கிறேன். கல் வியாபாரிகளின் கெப், கொழுந்து லொறி, பாடசாலை வேன். ஒவ்வொன்றிலும் முதலில் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டுத்தான் அடியில் போனேன். மூன்றாவது கேள்வி ஏன் என்று இப்போது விளங்கியிருக்கும்.

அந்த வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்து சிவலிங்கம் அண்ணன் எண்ணெய் மாற்ற வந்தார். பெண்களும் பின்னால் இருந்தார்கள். நான் துணியோடு வால் பக்கம் போய்க் குனிந்தேன். தறப்பாள் விலகியது. தவமணி தலையை நீட்டினாள். அதே மேட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இடம் கொடுத்தும் போகவில்லையாம், அங்கேதான் வேடிக்கை பார்க்கலாமாம்.

"அக்கா, ஒரு கரைச்சல்."

நான் நிமிர்ந்தேன். "பொக வருதா?"

"பொக இல்லக்கா." முன்னால் சிவலிங்கம் அண்ணன் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப வண்டியில சத்தமே இல்ல. நாங்க அவரப் பத்திக் கதைக்கிறதெல்லாம் அவருக்கு அப்படியே கேக்குது. கொஞ்சமா சத்தம் வச்சுத் தரமுடியுமா?"